வாடை தெரியாத வீட்டிலிருந்து

இன்று காலை புது சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் ரெகுலேட்டரை மாட்டி, அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டிவிட்டுப் போனார். அவர் படியிறங்கியதும் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி, ரெகுலேட்டரும் சிலிண்டரும் சேருகிற இடத்தில் விரலால் தடவினேன். வழக்கமாக நுரை அப்படியே வழிந்து இறங்கிவிடும். இன்று ஒரு குமிழி எழுந்தது. கடுகளவில் தொடங்கி, மிளகளவு ஆகி, உடைந்து, அதே இடத்தில் மறுபடியும் எழுந்தது.

எப்படியோ ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் வாயில் வெள்ளை மூடியை அழுத்திப் போட்டேன். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியை அள்ளிக்கொண்டு சந்துக்கு ஓடினேன். சிலிண்டர் வண்டி முனையில்தான் நின்றிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் திரும்பி வந்து, சிலிண்டரின் வாய்க்குள் கொக்கியை விட்டு, தேய்ந்துபோன வாஷரை எடுத்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பதித்தார்.

"இப்ப கரெக்டா கீதுக்கா. நீயே நுரை வெச்சிப் பாரு" என்றார். வைத்துப் பார்த்தேன். குமிழி வரவில்லை. போகும்போது அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "அது சரி, வாடை அடிச்சிருக்குமே, உனுக்குத் தெர்லியா?"

பேத்தியின் முதுகைத் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தேன். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்காகப் பதில் சொல்ல நீ இருந்தாய். "அதுக்கு மூக்கு அவுட்டுப்பா" என்று கேட்டவரைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவாய். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டுத் தொங்குகிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

அந்தக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு புகுந்த காலத்தில் எனக்கும் வந்து போனது. எல்லோருக்கும் திரும்பி வந்த வாசனை எனக்கு மட்டும் வரவில்லை. முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவொற்றியூரில் இருந்துகொண்டு வாசனை போனதற்கு யார் அழுவார்கள்? காற்று வடக்கேயிருந்து அடித்தால் கெமிக்கல் கம்பெனி வாடை, கிழக்கேயிருந்து அடித்தால் கருவாடு என்று நானே கேலி பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீ பின்வாசல் வழியாக ஓடி வந்து அடுப்பை அணைத்தாய். பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. "இன்னாடி ஸ்டெல்லா, சந்து முழுக்க தீயற வாடை, நீ பாட்டுக்கு சோப்பு போட்டுகினு கீற?" என்றாய். எனக்குத் தெரியவில்லை என்றதும் முதலில் சிரித்தாய். பிறகு உன் முகம் மாறியது.

"அப்ப கேஸ் லீக்கானா?"

அதுவரை அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்த நொடியிலிருந்து வேறெதையும் நினைக்க முடியவில்லை.

உன் மூக்கைப் பற்றி காசிமேட்டில் தெரியாதவர் இல்லை. மீனின் செவுளைத் தூக்கி ஒரு முறை முகர்ந்தால் போதும், அது இன்று பிடித்ததா, நேற்று ஐஸில் கிடந்ததா என்று சொல்லிவிடுவாய். விடியும் முன் துறைமுகத்துக்குப் போய்க் கூடையெடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியம் திரும்புவாய். வந்ததும் உன் வீட்டுக்குப் போகமாட்டாய், என் வீட்டுக்கு வருவாய். கறிவேப்பிலை இருக்கிறதா என்பாய். மோர் இருக்கிறதா என்பாய். கேட்டதைக் கொடுப்பதற்குள் சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்து முடித்திருப்பாய். என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்துக்கு இருட்டோடு கிளம்பிவிடுகிறவர். மகளும் கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க நானும் குழந்தையும் அடுப்பும்தான்.

அந்த நாளைப் பற்றி உன்னிடம் ஒருமுறைகூட முழுதாகப் பேசியதில்லை. பேச வாயெடுத்தால் "வுடு, அத்த பேசாத" என்று கையை ஆட்டிவிடுவாய். இன்று நீ தடுக்க முடியாது.

காலையிலிருந்தே தெருவில் கம்பெனி வாடை. எனக்கு அது மனிதர்களின் முகத்திலிருந்துதான் தெரியும். சந்தில் போகிறவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள். "ஜன்னல சாத்துங்க, கொயந்த கீதில்ல" என்று எனக்கும் ஒரு குரல் வந்தது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நானும் எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவையும் தாழிட்டேன். குழந்தை கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? காலைச் சமையல் முடிந்து பர்னரின் திருகை மூடினேனே தவிர, ரெகுலேட்டரை மூடவில்லை.

குழந்தை சிணுங்கினாள். பால் காய்ச்ச எழுந்து போய் லைட்டரைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் வெளியே கூடை விழுந்த சத்தமும், அதற்கு மேல் உன் குரலும்.

"ஸ்டெல்லா! அடுப்பப் பத்த வெக்காத! எத்தையும் தொடாத!"

நான் அப்படியே நின்றேன்.

"கையில இன்னா வெச்சினு கீற?"

"லைட்டர்."

"கீய போடு… இல்ல, போடாத! மெதுவா வெய்யி. கொயந்தையத் தூக்கு. தூக்கிகினு வெளிய வா."

"ஃபேன் ஓடுது, அணைக்கட்டுமா?"

"தொடாதன்றேன்ல! ஸ்விட்ச்சுப் பக்கமே போவாத!"

குழந்தையைத் தூக்கினேன். அவள் கண் கலங்கியிருந்தது, லேசாக இருமினாள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் தங்கும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தரையில்தான் அவளைக் கிடத்தியிருந்தேன். எந்த வாடையும் தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

தாழ்ப்பாளைத் திறந்ததும் எங்கள் இருவரையும் வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு நீ உள்ளே போனாய். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு போனாய். நான் வேண்டாமென்று கத்தினேன். ரெகுலேட்டரின் 'டக்' சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு ஜன்னலாக விரியத் திறந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் சொல்லாத ஜெபம் இல்லை. நீ வெளியே வந்து, சந்திலிருந்த எல்லோரையும் முனைவரை விரட்டிக்கொண்டு போன பிறகுதான் யாரையோ போன் எடுக்க விட்டாய். மெக்கானிக் வரட்டும் என்று காத்திருந்தபோது ஒருவர், "தீக்குச்சி ஒண்ணு கொளுத்திக் காட்டினா எங்க லீக்குன்னு தெரிஞ்சிடும்" என்று வீட்டை நோக்கி நடந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நீ திட்டிய வார்த்தைகள் இந்த மடலில் எழுதத் தகுந்தவை அல்ல.

எல்லாம் முடிந்து, வீட்டுக்குள் காற்று புகுந்து, மெக்கானிக் பழைய குழாயை வெட்டியெடுத்துப் பல்தடத்தைக் காட்டி, உள்ளே கம்பி பின்னிய தடித்த குழாயைப் போட்டுவிட்டுப் போனார். அதுவரை நீ தைரியமாகத்தான் இருந்தாய். பிறகு உன் வீட்டுப் படியில் உட்கார்ந்தாய். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். நீ அதைக் குடிக்காமல் படியில் வைத்தாய்.

"கல்யாணம் ஆன புச்சுல, எங்க அத்த பொண்ணு வூட்ல இதே வாடைடி. 'இன்னா வாடை'ன்னு கேட்டுகினே லைட்டப் போட்டா. அவ்ளோதான்" என்றாய். ஃபேனை அணைக்கட்டுமா என்றதும் நீ ஏன் அப்படி அலறினாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு உன் பயம் என் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. சமையல் முடிந்ததா, ரெகுலேட்டரை மூடு. வெளியே போகிறாயா, மூடு. குழாயில் அச்சடித்திருக்கும் வருஷத்தைப் பார். அடுப்புக்குப் பின்னால் பாத்திரம் அடுக்காதே, எலி ஒண்டும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி ஓட்டைகளை ஊசியால் குத்திக் கழுவு. பார்க்கும்போதெல்லாம் இதுதான் பேச்சு. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் என்ன பாப்பாவா? சும்மா நச்சு பண்ணாதே" என்று எரிந்து விழுந்தேன். நீ கோபப்படவில்லை.

"எனக்கு மட்டும் ஆசையா? ஆர்பர்ல கூடைய வெச்சிகினு குந்தியிருப்பேன், ஏலம் ஓடிகினு இருக்கும். எனக்கு உன் அடுப்பு ஞாபகம் வந்துரும். அப்பால ஒரு வேலையும் ஓடாது. பேஜாராப் பூடும்" என்றாய்.

ஒரு மனுஷி இன்னொரு மனுஷியை நினைத்து அவ்வளவு பயப்பட முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

போன மழைக்காலத்துக்கு முன்னால், அதே துறைமுகத்தில், கூடையருகே உட்கார்ந்த நீ எழவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். மதியம் நீ வழக்கமாக வரும் நேரத்தில் உன்னை வண்டியில் கொண்டுவந்தார்கள்.

உங்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியக் கூடாது. வந்தவர்களுக்கு டீயும், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத உன் பிள்ளைக்குக் கஞ்சியும் நான்தான் வைக்க வேண்டும். சமையலறைக்குப் போய் லைட்டரை எடுத்தேன். பற்ற வைக்க முடியவில்லை. காலையில் நான் ரெகுலேட்டரை மூடினேனா? உன் சேதி வந்ததும் போட்டது போட்டபடி ஓடினேனே, பால் பாத்திரம் பாதி கழுவியபடி கிடக்கிறதே. ஜன்னலைத் திறந்தேன். பர்னரைத் தொட்டுப் பார்த்தேன். நுரை போட்டுப் பார்க்கும் நிதானம் எனக்கு இல்லை. இழவு வீட்டுக்கு முன்னால் நூறு பேர் உட்கார்ந்திருக்க, என் அடுப்பு வெடித்தால் என்ன ஆகும் என்று மட்டும் ஓடியது.

வாசலில் நிழல் விழுந்தது. உன் புருஷன். கண்டெய்னர் லாரி ஓட்டியே பேச்சை மறந்துபோன மனிதர் என்று நீ சொல்வாயே, அவர்தான். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்திருந்தார்.

"அவ சொல்லிகினே இருப்பா. 'நான் இல்லாத அன்னிக்கி ஸ்டெல்லா வூட்ல போயி ஒரு தபா மோந்து பாத்துட்டு வா'ன்னு."

உள்ளே வந்து முகர்ந்தார். அழுதழுது அவர் மூக்கு அடைத்திருந்தது. அது அவருக்கும் தெரிந்தது. துண்டில் மூக்கைச் சிந்தினார். பிறகு முழங்காலில் இறங்கி, இரண்டு கைகளையும் ஊன்றி, முகத்தைத் தரையருகே கொண்டுபோய் சிலிண்டரைச் சுற்றி முகர்ந்தார். மறுபடி சிந்தினார். மறுபடி முகர்ந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா. பத்த வெய்யி."

அவர் பக்கத்தில் நிற்க நான் பற்ற வைத்தேன். தீ நீலமாக எரிந்தது. அவர் போகவில்லை. கஞ்சி கொதிக்கும்வரை அங்கேயே நின்று, அடுப்பைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதார்.

அதன்பின் தினமும் வண்டிக்குப் போகும் முன் வாசலில் நின்று, "வாடை இல்லக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். போன மாதம் உன் பிள்ளை அவரைத் தன்னோடு பேசின் பிரிட்ஜ் பக்கம் அழைத்துப் போய்விட்டான். தனியாக அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, அவனைக் குறை சொல்ல முடியாது. கிளம்பும் நாளில் அவர் என் வாசலில் நெடுநேரம் நின்றார். நான்தான் "நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. கடையில் வாங்கிச் சாப்பிட்டோம்.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு நாலைந்து நாள் விட்டுவிட்டேன். நடுவில் ஒன்று நடந்தது. அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

நேற்று சாயங்காலம் சந்தில் எல்லோர் முகமும் மறுபடி சுருங்கியது. பிள்ளைகள் சட்டையைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டன. படபடவென்று ஜன்னல்கள் சாத்தும் சத்தம் வரிசையாக வந்தது. எந்த வீட்டுக்குள் எந்தக் குழாய் கடிபட்டிருக்கிறதோ, கம்பெனி வாடை என்று நினைத்து யார் கேஸை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறார்களோ. என் ரெகுலேட்டரை மூடினேன். பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தில் இறங்கினேன். பொது இடத்தில் குரலெடுத்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். உன் மாதிரி கத்தினேன்.

"சாத்தறதுக்கு முன்னாடி அடுப்படிக்குப் போயிப் பாருங்க! ரெகுலேட்டர மூடிட்டு அப்பால சாத்துங்க!"

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "உனக்குத்தான் வாடையே தெரியாதே, நீ இன்னாத்துக்கு இப்டி கத்தினு கீற?"

"எனக்குத் தெரியாது. அதான் உன்னப் பாக்கச் சொல்றேன். குனிஞ்சி தரையாண்ட மோந்து பாரு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் பைத்தியம் என்றார். ஆனால் உள்ளே போனார்கள். எந்த வீட்டிலும் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்பது போதும் எனக்கு. கடைசி வீட்டிலிருந்து "எல்லாம் சரியா கீதும்மா" என்று குரல் வரும்வரை அங்கேயே நின்றேன்.

பயம் குறைந்துவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். குறையவில்லை. முன்பு அது என் வீட்டோடு நின்றது. இப்போது இந்தச் சந்து முழுக்க எனக்குப் பயம். காசிமேட்டில் கூடையை வைத்துக்கொண்டு என் அடுப்பை நினைத்து நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று நேற்றுதான் எனக்கு விளங்கியது.