கடைசி முத்திரைக்கு ஒரு கிலோமீட்டர்

ஸ்னேக், ஃப்ரீஸ்லாந்து
4 மார்ச் 2012

அன்புள்ள ஹெசினா,

நான்கு நாள் சைக்கிள் பயணத்தின் பதிவுப் படிவமும் உன் கடிதமும் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லாத ஹெசினாவை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. இங்கே பிப்ரவரி முழுக்கக் கால்வாய்கள் உறைந்து கிடந்தன. ஊரே சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு பனியில் அலைந்தது. என் வீட்டுக்காரர் சீபிரன் ஒரு முறை விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார், ஆனாலும் மறுநாள் மறுபடி போனார். நான்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடாத இருமல் என்று வைத்துக்கொள்.

இது நமக்கு இருபதாவது வருடம், ஞாபகம் இருக்கிறதா? பத்தொன்பது பதக்கங்களைச் சமையலறை அலமாரிக்கு மேலே வரிசையாக மாட்டி வைத்திருக்கிறேன். இருபதாவது கொஞ்சம் பெரிதாம், பொன் முலாம் பூசியதாம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், திட்டாதே. மின்சார சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். கரும்பச்சை நிறம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இந்த வருடம் அறுபது கிலோமீட்டருக்குப் பதிலாக நாற்பது போகலாமா? வழக்கம்போல உன் மாடி அறையில் தங்கிக்கொள்கிறேன்.

உன்
ரென்ஸ்கே

*

பெய்லன், ட்ரெந்தெ
9 மார்ச் 2012

ரென்ஸ்கே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போடாததால் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

1993-ல் இதே பயணத்தில், கொட்டுகிற மழையில் சங்கிலி அறுந்து நடுக்காட்டில் நின்ற என்னிடம், முன்பின் தெரியாத ஒருத்தி வந்து நின்றாள். "தள்ளு, நான் பாக்கறேன்" என்று சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கை நிறைய கிரீஸோடு நிமிர்ந்து, என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "உனக்கு பள்ளிக்கூடத்துல உடற்பயிற்சி சொல்லித்தர்ற வேலையா? சங்கிலி மாட்டத் தெரியாம பிள்ளைங்களுக்கு என்னத்த சொல்லிக் குடுக்கற?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவள்தான் என் சிநேகிதி. அவள் இன்று பேட்டரி வைத்த வண்டியில் வருவாளாம்.

இப்படிப்பட்ட வண்டிகள் நம்மைத் தாண்டிப் போனபோதெல்லாம் "பெட்டி படுக்கையையும் ஏத்திக்கோங்க, இழுத்துட்டுப் போகும்!" என்று பின்னாலிருந்து கத்தியது யார்? நான் அல்ல. மிதிப்பதற்குத்தானடி சைக்கிள். பொத்தானை அழுத்திவிட்டுக் கம்பீரமாக உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பயணி.

நாற்பது கிலோமீட்டர் எனக்கு வேண்டாம். அறுபதும் வேண்டாம். எனக்கு அறுபத்தாறு வயது. இந்த வருடம் நூறு கிலோமீட்டர் பாதையில் நாலு நாளும் போகப் போகிறேன், தனியாக. மாடி அறைக்கு வண்ணம் அடிக்கிறார்கள்.

ஹெசினா

*

ஸ்னேக்
13 மார்ச் 2012

ஹெசினா,

படிவத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு யாருக்காவது உதவட்டும்.

ஏன் வாங்கினாய் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

ரென்ஸ்கே

*

பெய்லன்
18 ஜூலை 2012, புதன்

ரென்ஸ்கே,

நாலு மாதமாக எழுதவில்லை. இப்போதும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இன்றைய நாளை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். உன்னைத் தவிர யாருக்கும் இதன் அருமை தெரியாது.

நூறு கிலோமீட்டர், ரென்ஸ்கே! காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை நாலேகாலுக்குத் திரும்பினேன். வழியிலுள்ள ஐந்து சாவடியிலும் அட்டையில் முத்திரை வாங்கிவிட்டேன், ஒன்று குறைந்தாலும் பதக்கம் கிடையாதே. முதல் இருபது கிலோமீட்டர் தூறல். பிறகு ஆட்டு மந்தை நிற்கிற அந்தப் பொட்டல்வெளியில் எதிர்காற்று, கன்னத்தில் அறைகிற மாதிரி. ஒரே மாதிரிச் சட்டை போட்ட ஒரு கூட்டம் பின்னாலிருந்து மணியடித்தது. "ஓரமா போங்கம்மா!" என்றான் ஒருவன். ஒதுங்கினேன். எட்டு கிலோமீட்டர் கழித்து மோர் விற்கிற இடத்தில் அவர்களெல்லாம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் நிற்காமல் மணியடித்துக்கொண்டே போனேன். "தம்பி, ஓரமா உக்காருங்க!" என்றேன். நீ கேட்டிருக்க வேண்டும்.

நாலாவது சாவடியில் முத்திரை குத்துகிற வுப்போ இருக்கிறானே, பெரிய மீசை, அவன் என் அட்டையை வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"எங்க உங்க ஜோடி?"

"வரல."

"பத்தொம்போது வருஷமா ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வருவீங்க, அரை மைலுக்கு முன்னாடியே சத்தம் கேக்கும். இன்னைக்கு நீங்க வந்து நின்னதே எனக்குத் தெரியல."

முத்திரையைக் குத்துகிற வேலையை மட்டும் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கறுந்திராட்சை ரொட்டி வழக்கம்போல நாலு துண்டு வெட்டி எடுத்துப் போயிருந்தேன். இரண்டு துண்டு மிச்சமாக வீட்டுக்கு வந்துவிட்டது.

ஹெசினா

*

ஸ்னேக்
19 ஜூலை 2012, வியாழன் மதியம்

அன்புள்ள ஹெசினா,

இந்நேரம் நீ பாதி வழியில் இருப்பாய். உன் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது சாவடியை நெருங்கியிருப்பாய்.

நானும் இன்று என் இரண்டாம் நாளை முடித்துவிட்டேன். சிரிக்காதே. உங்கள் பயணம் தொடங்குகிற அதே புதன்கிழமை நானும் இங்கே தொடங்கினேன், ஒருத்தியாக. நாளுக்கு நாற்பது கிலோமீட்டர். மாவு வாங்கின பெட்டியின் அட்டையில் கோடு போட்டு நானே ஒரு முத்திரை அட்டை செய்துகொண்டேன். முதல் நாள் ரொட்டிக் கடையில் கடை முத்திரை வாங்கினேன். அடுத்து மாதா கோயிலில் மணியடிக்கிறவர் கையெழுத்துப் போட்டார். இன்று காலை படகுகளுக்குப் பாலத்தைத் தூக்கிவிடுகிற மனிதரிடம் போய் நின்றேன்.

"முத்திரையா? எதுக்கு?"

"நாலு நாள் சைக்கிள் பயணம்."

"அது ட்ரெந்தெயிலதானே நடக்குது?"

"பாதி இங்கயும் நடக்குது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மத்தவங்க எல்லாம் எங்க?" என்று கேட்டார். ஒருத்தி நூறு கிலோமீட்டர் பாதையில் முன்னால் போய்விட்டாள் என்று சொன்னேன். முத்திரை இல்லாததால் அட்டையில் ஒரு பாய்மரப் படகு வரைந்து கொடுத்தார். நன்றாகவே வரைகிறார்.

ஹெசினா, மார்ச்சில் நீ கேட்காததை இப்போது நானே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் எனக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருக்கிறார்கள். கால்வாய் உறைந்தபோது ஜன்னலில் நின்றது இருமலால் அல்ல. "சைக்கிள் ஓட்டலாம், மோட்டார் போட்டுத்தான் ஓட்டணும், நாப்பதுக்கு மேல போகக் கூடாது" என்றார் டாக்டர். அன்றைக்கே சீபிரன் போய் வண்டியை வாங்கி வந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் பெரெண்ட் எந்த நோயில் போனார் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் நீ எப்படி இருந்தாய் என்று கூட இருந்து பார்த்தவள் நான். கணவருக்கு வந்தது சிநேகிதிக்கும் வந்திருக்கிறது என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நேரில் வந்து, உன்னோடு நாற்பது கிலோமீட்டர் ஓட்டி முடித்துவிட்டு, "பார், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்ல நினைத்திருந்தேன்.

இதை நீ பரிதாபப்படுவதற்காக எழுதவில்லை. எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மோட்டார் இருந்தாலும் மிதிப்பது என் கால்தான். ஏப்ரலில் தபால்பெட்டி வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்கியது. இன்று இரண்டு ஏரியைச் சுற்றி வந்திருக்கிறேன்.

நாளையும் நாளை மறுநாளும் பாக்கி. நீயும் நன்றாக ஓட்டு. இருபதாவதை வாங்கிவிடு.

உன்
ரென்ஸ்கே

*

பெய்லன்
21 ஜூலை 2012, சனி மாலை

என் அன்பு ரென்ஸ்கே,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கும். உன்னுடையது நேற்று, மூன்றாம் நாள் முடித்து நான் வீட்டுக்கு வந்தபோது கதவடியில் கிடந்தது. தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். பிறகு வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். மார்ச்சில் எழுதியதற்காக என்னை மன்னித்துவிடு. மாடி அறைக்கு யாரும் வண்ணம் அடிக்கவில்லை. அது பொய்.

இன்று காலை போகவே வேண்டாம் என்று முதலில் தோன்றியது. அப்புறம், நீ அங்கே தனியாக நாலாம் நாள் கிளம்பியிருப்பாய், நான் படுத்துக்கிடந்தால் அது என்ன மரியாதை என்று எழுந்துவிட்டேன். ஏழு மணிக்கே புறப்பட்டாயிற்று. முழங்கால் எரிந்தது. முதல் நாலு சாவடியிலும் முத்திரை வாங்கினேன். தொண்ணூற்றொன்பது கிலோமீட்டர் ஓட்டினேன்.

கடைசிச் சாவடி கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. பாலம் தெரிந்தது, பேண்டு வாத்தியம் கேட்டது, ஊர்க்காரர்கள் கைதட்டுவதும் கேட்டது. பாலத்துக்கு முன்னால் இறங்கி, வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தேன். போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

"என்னம்மா, பஞ்சரா?"

"இல்ல."

"முடியலையா? தள்ளிவிடவா?"

"எனக்கா முடியல? இன்னும் இருபது கிலோமீட்டர் போவேன். நீ போப்பா."

ஆறு மணிக்குச் சாவடியை மூடும் வரை அங்கேயே இருந்தேன். பிறகு பாலத்தைத் தாண்டிப் போனேன். பதக்கம் கொடுக்கிற மேஜையில் இருந்த பெண் பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "இருபதாவது வருஷம்! அதுவும் நூறு கிலோமீட்டர்ல!" என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு அட்டையைப் பார்த்தாள்.

"அம்மா, கடைசி முத்திரை இல்லையே."

"தெரியும்."

"ஒரு கிலோமீட்டர்தானே. சாவடி ஆளு இன்னும் மேஜையைக் கூட மடிக்கல. ஓடிப் போய் வாங்கிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

"வேண்டாம்மா. எங்க கணக்குல இன்னும் பத்தொம்போதுதான்."

அவளுக்குப் புரியவில்லை. தன் சாவடியை மூடிவிட்டு வந்து, பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற வுப்போவுக்குப் புரிந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான்.

தியாகம் கியாகம் என்று எதையும் எழுதி அனுப்பாதே. நானூறு கிலோமீட்டரும் என் காலில் இருக்கிறது, அது போதும். இன்று மாலை முழுவதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் பாதிப் பெருமை உன் படகுப் படத்தைப் பற்றித்தான்.

இருபதாவதை அடுத்த ஜூலையில் இரண்டு பேருமாகப் போய் வாங்குவோம். நாற்பது கிலோமீட்டர் பாதையில்.

உன்
ஹெசினா

*

ஸ்னேக்
24 ஜூலை 2012, செவ்வாய்

அன்புள்ள ஹெசினா,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. புல்லில் உட்கார்ந்திருந்தாயாமே! அறுபத்தாறு வயதில், பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆறு மணி வரைக்கும். உனக்குப் பைத்தியம்தான். உன் கடிதத்தை சீபிரனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "நாலு நாளும் நூறா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். "ஹெசினான்னா சும்மாவா?" என்றேன், ஏதோ நான் பெற்று வளர்த்த மாதிரி. அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

என் நாலாம் நாளும் முடிந்தது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஊர் கண்ணுக்குத் தெரிந்தபோது மோட்டாரை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. உனக்குக் காட்டத்தான். ஆனால் அணைக்கவில்லை. அந்த நாலு நாளிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த இரண்டு கிலோமீட்டர்தான். தெருமுனையில் ரொட்டிக் கடைக்காரர் ஆப்பிள் கேக்கோடு நின்றார். சீபிரன் எங்கள் பழைய கொடியை வாசலில் கட்டியிருந்தார், தலைகீழாக.

அடுத்த ஜூலை வரைக்கும் என்னால் பொறுத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை இங்கிருந்து உன் வீட்டுக்குக் கிளம்புகிறேன், ரயிலில் அல்ல. முதல் நாள் நாற்பது, வழியில் ஓர் இரவு, மறுநாள் நாற்பது. டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

எதிரே வர வேண்டும் என்று தோன்றினால் சனிக்கிழமை மதியம் வழியில் டீவர் ஊர்ப் பக்கம் வந்து நில். கரும்பச்சை வண்டி, தெரிந்துகொள்வாய். காற்று எதிராக அடித்தால் என் பின்னால் ஒட்டிக்கொண்டு வா.

உன்
ரென்ஸ்கே