நந்தினி கேட்ட போட்டோ

ஜனவரி 21, செவ்வாய்

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னிக்கவும், மன்னிக்க இங்கே யாரும் இல்லாவிட்டாலும். குழந்தை இப்போதுதான் தூங்கினாள்.

இன்று நந்தினி எங்கள் அடையாறு வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரி நாளிலிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் பறவை பார்ப்போம். அடுத்த மாதம் அவள் மட்டும் வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போகிறாள். வலசைப் பறவைகள் வழியில் இறங்கும் இடங்களை நாடு நாடாகப் பாதுகாத்து ஒரே சங்கிலியாக இணைப்பதற்கான கூட்டம். "விசா இன்னும் வரலடி" என்று அவள் சொன்னபோது ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சீ.

"அந்த உள்ளான் போட்டோ வேணும்டி. அடையாளத்துக்குன்னு சீனாவுல மாட்டின கலர் பட்டை கால்ல தெரியுதே, அது. அதே பறவை அங்கயும் எறங்குது, இங்கயும் எறங்குதுன்னு காட்ட நம்மகிட்ட வேற எதுவும் இல்ல."

எட்டு மாத வயிற்றோடு சேற்றோரம் நின்று நான் எடுத்த படம் அது.

"யார் எடுத்ததுன்னு போடுவே?"

"எங்க டீம்னு போட்டுக்கறேன். உனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்? டயப்பர் மாத்தவே டைம் இல்லைன்றே!"

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் காபி கொடுத்தேன். குழந்தை அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். அதுவும் சேர்ந்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

படத்தைக் கொடுக்காமலே இருந்துவிடலாம். ஆனால் அது இல்லாமல் நம் சதுப்பு நிலத்துக்காக அவள் அங்கே என்ன பேசுவாள்? அந்தப் பறவை என்ன பாவம் செய்தது?

இப்போதுதான் அனுப்பினேன். கூடவே இதையும்: "படத்துக்குக் கீழே என் பேர் இருக்கணும், நந்து. சரியான்னு சீக்கிரம் பதில் போடு."