சிவப்பு விளக்கும் என் சில்லிப் பானையும்

ஜனவரி 9, வியாழன்

மறுபடியும் சிவப்பு.

காலையில்தான் டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, நாங்கள் குடியிருக்கும் வண்டியின் கக்கூஸ் தொட்டியைக் காலி செய்துவிட்டு வந்தோம். பாலைவன முகாமில் பழைய இடத்திலேயே நிறுத்தி, நாற்காலிகளைப் போட்டு, நாய்க்குத் தண்ணீர் வைத்து நிமிர்ந்தால், அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் ‘நிறைந்தது’ என்று விளக்கு எரிகிறது. எப்படி நிறையும்? இன்னும் யாரும் உள்ளேகூடப் போகவில்லை.

“ஆர்டிஸ், யாரும் கக்கூஸ் போகக் கூடாது” என்றார் என் வீட்டுக்காரர் ஓர்லின்.

“இப்பதானே கொட்டிட்டு வந்தோம்?”

“விளக்கு சொல்லுதே.”

வடக்கே பால் தொழிற்சாலையில் தொட்டிகளின் அளவு முள்ளைப் பார்த்தே ஓய்வு பெற்றவர். கட்டின மனைவி பொய் சொல்வாள், முள் சொல்லாது. இது இவர் கட்சி.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 25ஆம் தேதி முகாமில் சில்லிப் போட்டி; சில்லி என்றால் மாட்டிறைச்சியும் மிளகாயும் போட்ட குழம்பு. விடியற்காலையில் பானையை நெருப்பில் ஏற்றினால் சாயங்காலம்வரை இறக்கக் கூடாது. போன வருடம் மாட்டிறைச்சி பாதி வெந்திருக்கும்போது இந்தச் சனியன் எரிந்தது. பானையை மடியில் வைத்துக்கொண்டு கக்கூஸ் கொட்டும் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தால் எங்கள் இடத்தில் வேறு வண்டி. பரிசு பக்கத்து வண்டி வோண்டாவுக்கு. இந்த வருடம் வண்டி நகரக் கூடாது. நகரவே கூடாது.

ஜனவரி 10

மண்வெட்டியோடு கள்ளிக்குப் பின்னால் போனேன். முள்ளைப் பிடுங்க ஓர்லினுக்கு மூக்குக்கண்ணாடி தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பக்கத்து வண்டி கிளீட், அதாவது வோண்டாவின் புருஷன், வைத்தியம் பார்க்க வந்தான். ஒரே கேள்விதான் கேட்டான்.

“யோவ் ஓர்லின், கிறிஸ்துமஸுக்கு டவுன் முகாம்ல தங்கினீங்களே, சாக்கடைக் குழாயை மாட்டிட்டு வால்வைத் திறந்தே விட்டுட்டியா?”

ஓர்லின் தன் செருப்பைப் பார்த்தார்.

“போச்சு! தண்ணியெல்லாம் ஓடிருச்சு. மத்ததெல்லாம் உள்ள மலையா குந்தியிருக்கு. காகிதம் அளவு பார்க்கற சென்சார் மேல ஒட்டிக்கிச்சு. அதுக்கு எப்பவுமே நிறைஞ்ச மாதிரிதான் தெரியும்.”

அந்த முகாமில் ஒரு வாரம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், “மூடி வைங்க, நிறைஞ்சதும் மொத்தமா திறக்கலாம்” என்று. மொத்தமாக, வேகமாகப் போனால்தான் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். யார் கேட்டார்கள்? நான் விளக்கு இல்லையே.

கிளீட்டின் மருந்து: கக்கூஸில் ஐஸ் கட்டியைக் கொட்டி, மேடு பள்ளமான ரோட்டில் வண்டியை ஓட்ட வேண்டும். ஐஸ் உருண்டு உருண்டு சுவரைத் தேய்க்குமாம்.

ஜனவரி 14

ஐஸ் மூட்டைகள் கொட்டினோம். ஓட்டினோம். டவுனில் போய்க் கொட்டினோம். என் தட்டுகள் உடைந்தன. நாய் என் மடியில் வாந்தி எடுத்தது.

சிவப்பு.

“ஐஸ் பத்தல” என்கிறார்.

ஜனவரி 18, சனி

“அடுத்த சனிக்கிழமை காலைல ஒரு நடை போய்க் கொட்டிட்டு வந்துருவோம். எதுக்கும் இருக்கட்டும்” என்றார் காபியை உறிஞ்சிக்கொண்டே.

அடுத்த சனிக்கிழமை! போட்டி அன்றைக்கு!

இந்த மனுஷனை என்ன செய்வது? கத்தினேனா? இல்லை. அவர் தூங்கப் போனதும் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். தொட்டியிலிருந்து பலகைக்குப் போகிற ஒயர் கண்ணெதிரே இருந்தது. பிடுங்கினேன். அவ்வளவுதான். ஒயர் இல்லாவிட்டால் பலகைக்கு எல்லாம் காலிதான்.

ஜனவரி 19

பச்சை! ஓர்லின் குதிக்காத குறை. “ஐஸ் வேலை செஞ்சிருச்சு, ஆர்டிஸ்! கொஞ்சம் லேட்டா!” என்று முகாம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

ஜனவரி 20

டவுனில் ஐஸ் தீர்ந்துவிட்டது. மேடு பள்ளமான ரோட்டில் வண்டிகள் கல்யாண ஊர்வலம் போல் போகின்றன. தலைமை தாங்குவது கிளீட். கடவுளே, என்னை மன்னித்துவிடு.

ஜனவரி 21

ஒன்றை யோசிக்காமல் விட்டேன். விளக்குப் பச்சை என்பதால் தொட்டி நிறையாமல் இருக்குமா? வெளியே சொல்லவும் முடியாது. அதனால் மண்வெட்டியும் நானும் மறுபடி கள்ளிக்காட்டுக்கு.

“ஏண்டி ஆர்டிஸ், இப்படி நடக்கறியே, இடுப்பைக் குறைக்கறியா?” என்றாள் வோண்டா.

“ஆமாண்டி. உன் சில்லியைத் தின்ன இடம் வேணுமே.”

ஜனவரி 23

ஓர்லின் திடீரென்று நாயை நடக்கக் கூட்டிப் போகிறார். காலையில், மதியம், சாயங்காலம். கயிற்றைப் பார்த்தாலே நாய் வண்டிக்கு அடியில் புகுந்துகொள்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நடக்கச் சொல்கிறேன், இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது.

ஜனவரி 25, சனி

முதல் பரிசு!! எனக்கு!!

வண்டி அங்குலம் நகரவில்லை. பானை நெருப்பைவிட்டு இறங்கவில்லை. வோண்டா இரண்டு கிண்ணம் தின்றுவிட்டு, “உப்பு ஒரு கல் கூட” என்றாள்.

ஓர்லின் என் பானையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். ஆனால் நாளைக்குக் கொட்டப் போகிறோம். அங்கே வெள்ளம் வரும், என் குட்டு உடையும்.

ஜனவரி 26, ஞாயிறு

குழாயை மாட்டினார். நான் பத்தடி தள்ளி நின்றேன். வால்வை இழுத்தார்.

வெள்ளமும் இல்லை ஒன்றும் இல்லை. சளசளவென்று ஏதோ கொஞ்சம். நின்றுவிட்டது.

“இவ்வளவுதானா?” என்றேன்.

ஓர்லின் கையுறையைச் சரிசெய்துகொண்டார். “நீயும் வெளியதான் போனியா?”

நீயுமா?

“ஒயர் தொங்கினதைப் பச்சை எரிஞ்ச அன்னிக்கே பார்த்துட்டேன். உருகின ஐஸ் அஞ்சு நாள் கழிச்சா சுத்தம் பண்ணும்? முள்ளு பார்த்தே கிழவனானவன்டி நான்.”

“அப்புறம் ஏன் ஊரெல்லாம் ஐஸ்னு சொன்னீங்க?”

“என் பொண்டாட்டி ஒயரைப் பிடுங்கிட்டானு சொல்லச் சொல்றியா?” என்றார். “போன வருஷம் பானையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, அந்த மூஞ்சியை இன்னொரு தடவை பார்க்க முடியாதுப்பா.”

அந்த நாற்றத்தின் நடுவே நின்று அழுதேன். பின்னால் வரிசையில் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

அப்புறம் உருப்படியாக வேலை பார்த்தோம். வால்வை மூடி, சோப்புத் தண்ணீரை நிறைய ஊற்றி, ஊறவிட்டு, மொத்தமாகத் திறந்தோம். நீளக் குழல் ஒன்றைக் கக்கூஸ் வழியாக விட்டுச் சுவரைப் பீய்ச்சி அடித்தோம். காகிதம் கத்தை கத்தையாக வந்தது. டிசம்பரே வெளியே வந்தது. ஒயரை நானே மாட்டினேன். பச்சை. இந்த முறை நிஜமாகவே.

ஜனவரி 30, வியாழன்

கக்கூஸ் போகிறபோதெல்லாம் தண்ணீரைத் தாராளமாக விடுகிறோம். டவுனில் இன்னும் ஐஸ் வரவில்லை.

காலையில் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது, பாதி என்று. ஓர்லின் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ டார்ச் அடிச்சு எட்டிப் பார்த்தியா?”

“பார்த்தேன். ஞாயிறு வரைக்கும் தாங்கும்.”

“சரி” என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாய் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.