ஐந்து மணிக்கு அணையும் தெரு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலமாக இருப்பதாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அம்மாவின் நுரையீரலுக்குப் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதும், வெளிநாடு போகுமுன் பாதி கரண்டிலும் பாதி பெட்ரோலிலும் ஓடும் காரை வாங்கி வாசலில் நிறுத்தினாய். தெருவே வந்து பார்த்தது. பார்த்ததோடு நிற்காமல் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வீடு சுவரிலிருந்து ஒரு ஒயர் தொங்குகிறது. காற்று நன்றாகத்தான் இருக்கிறது. அதை அம்மாவின் மூக்கில் கொண்டு சேர்க்கும் ஆக்சிஜன் இயந்திரத்துக்குத்தான் கரண்ட் இல்லை.

முதலில் எல்லோரும் வேலை முடிந்து வந்த கையோடு வண்டியைச் சொருகினார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் முனகியது. மின்சார அலுவலகம் யோசித்து, விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் சார்ஜ் செய்தால் பாதிக் கட்டணம் என்று அறிவித்தது. வண்டியில்தான் நேரம் குறித்துவைக்கும் வசதி இருக்கிறதே. வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்காத நம் தெருக்காரர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் ஐந்து மணியைக் குறித்துவைத்தார்கள். இப்போது ஐந்தானதும் எல்லா வண்டிகளும் ஒரே மூச்சில் கரண்டை இழுக்கின்றன. டிரான்ஸ்பார்மர் தெருவையே அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

புகார் சொல்லப் போனேன். எஞ்சினியர் நல்ல மனிதர். "ஒண்ணு ரெண்டு பேர் கேப்பாங்கன்னு நினைச்சோம் சார். எல்லாரும் சொன்ன பேச்சைக் கேப்பாங்கன்னு யார் எதிர்பார்த்தா?" என்றார். பெரிய டிரான்ஸ்பார்மர் வருமாம். எப்போது என்று அவரும் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய், நேரத்தைக் கொஞ்சம் மாற்றிவைக்கும்படி கேட்டேன். எல்லோரும் அம்மாவை அக்கறையாக விசாரித்தார்கள். "மத்தவங்க மாத்தட்டும் சார், நானும் மாத்திடறேன்" என்றார்கள்.

இயந்திரத்தின் சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது அது நிற்குமுன்பே விழித்து, நின்றுவிடுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் போனால் மாட்டிவிடும் ஆக்சிஜன் சிலிண்டர் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் உன் காரைத் தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, அதிலுள்ள பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து அம்மாவின் இயந்திரத்தை ஓட்டுகிறேன். ஆக, அம்மாவுக்குப் புகை ஆகாது என்று வாங்கிய வண்டி, அம்மா மூச்சுவிடுவதற்காகத் தினமும் புகை விடுகிறது.

நேற்று தெருச் சங்கச் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்ன சார், நம்ம தெருவுல போய்ப் புகையா?" என்றார். "உங்க வண்டி குடிக்கிறதுக்குத்தான் சார் என் வண்டி புகைக்குது" என்றேன். அவர் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். அது சமர்த்தாக நின்றிருந்தது. ஒயரை அவர் கழற்றவில்லை.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றாள் அம்மா. "பிள்ளை அங்க தூங்க மாட்டான்" என்றாள். வீட்டில் ஒருவராவது தூங்கட்டும் என்று நானும் இதுவரை எழுதவில்லை. ஆனால் இன்று விடியலில் ஒயரை மாட்டிவிட்டு உள்ளே வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. என் முழங்கால் முன்போல் இல்லை. அதற்குள் சிலிண்டர் தீர்ந்து, அம்மாவின் உதடு நிறம் மாறியிருந்தது. தேறியதும் கேட்டாள்: "வண்டியை விட்டுட்டுப் போனான். அவன் எப்ப வரேன்னான்?" எஞ்சின் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு. காரில் டாங்க் நிரம்பப் பெட்ரோல் போட்டுவைத்திருக்கிறேன். அம்மாவுக்கு ஆகும் செலவு போக, விமான நிலையம் வரை போய்த் திரும்ப எப்போதும் மிச்சம் வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா