முனியாண்டி காலடியில் கிடந்த துப்பாக்கி

2 டிசம்பர் 2024, திங்கள்

இன்று டோபிக் கடையில் இரண்டு சலவை இயந்திரங்கள் பழுது. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லச் சொல்லி ராகினி அக்கா என்னை முன்னால் தள்ளிவிட்டார். ஒரு மலாய்க்கார அம்மா ஏதோ கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏய் பவானி, உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்ல டிரையர்ல போட்டுச் சுருங்கிப் போச்சா?" என்றார் அக்கா, கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டதற்கும் இந்த வாய்தான் காரணம். எழுந்து நின்றால் குரல் வராது. துணி மடிக்கக் குரல் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தால், அப்பா தோட்டத்துப் பன்றிகளைச் சுட வைத்திருக்கும் துப்பாக்கியின் லைசென்ஸை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டும். ஆனால் துப்பாக்கியே வீட்டில் இல்லை. ஆயுத பூசையிலிருந்து அது பாலாயில், போலீஸ் நிலையப் பூட்டுக்குள் இருக்கிறது.

அன்று நடந்ததை நான் இதில் எழுதவே இல்லை. கை வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அன்று காலையில்தான் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெங்கேராவில் இருக்கும் கவிநேசன் மாமா வீட்டுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். அப்பாவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, நான் வரவில்லை என்றேன். மதியம் போலீஸ் வண்டி வந்தது. தோட்டத்து முனையில் முனியாண்டி சிலையின் காலடியில் எங்கள் துப்பாக்கி கிடந்ததாம். பக்கத்தில் ஆள் இல்லை. மோட்டாரில் போன யாரோ பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு அப்பா அதற்குச் சந்தனம், குங்குமம் பூசி அங்கே வைப்பதுதான். நம் வீடுகளில் அரிவாள், கத்தரிக்கோல், மோட்டார் எல்லாவற்றுக்கும் வைக்கிறோமே, அதுபோல. ஆனால் சூடம் காட்டும்வரை பக்கத்திலேயே நின்று, கையோடு எடுத்து வந்து இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார். இந்த முறை, "பூசைக்கு வெச்சேன் சார். மறந்துட்டேன்" என்று போலீஸிடம் சொன்னார்.

துப்பாக்கியைப் போய் ஒருவர் மறப்பாரா? அம்மா போன அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

6 டிசம்பர், வெள்ளி

அப்பா என்னையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பாலாய்க்குப் போனார். சார்ஜன் காண்டீபன் தமிழர். அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம்.

"வாங்க சுகுமாரன். பன்னிக்கெல்லாம் இப்ப லீவு போல."

"லீவு இல்ல சார், விருந்து. மரவள்ளி ஒரு பாத்தி மிச்சமில்ல. குடும்பத்தோட வந்து தின்னுட்டுப் போகுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா சிரித்து எவ்வளவு நாளாயிற்று? சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் காண்டிராக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது.

பிறகு சார்ஜன் மெதுவாகச் சொன்னார். "கோயில்ல வெச்சு மறந்ததுக்கு எச்சரிக்கை கொடுத்து விட்டுரலாம்னு மேல சொல்றாங்க. ஆனா வீட்டுக்காரம்மா பிரிஞ்சு போயிட்டாங்கல்ல. அப்படின்னா வீட்டு ஆளுங்களக் கேக்காம துப்பாக்கி தர மாட்டாங்க, லைசென்ஸும் புதுப்பிக்க மாட்டாங்க. அவங்க வரணும், பாப்பாவும் வரணும். தனித்தனியா கேப்போம்."

"அவ வர மாட்டா சார்."

"நீங்க கூப்பிட்டா வரமாட்டாங்க. மக கூப்பிட்டா வருவாங்க. என்ன பாப்பா?"

நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பும்போது மெர்லிமாவ் முச்சந்தி விளக்கில் அப்பா தலையைத் திருப்பாமலே கேட்டார். "அப்பா உன்னை எப்பவாவது அடிச்சிருக்கேனாம்மா?"

இல்லை. ஒரு முறை கூட இல்லை.

"அத மட்டும் சொன்னாப் போதும்."

8 டிசம்பர், ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது.

தெங்கேராவுக்குப் போனேன். மாமா கடைக்கு மேலே வீடு. அம்மா பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். சார்ஜன் சொன்னதைச் சொன்னேன். கத்தி நின்றது.

"நான் வரல. அது அந்த வீட்டுக்குத் திரும்ப வரவும் கூடாது."

"அப்பா உங்கள அடிச்சாராம்மா?"

"அடிச்சிருந்தா அன்னிக்கே பாலாய்ல போய்ச் சொல்லியிருப்பேன். அது வெளிய சொல்லக்கூடிய விஷயம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத முனியாண்டிகிட்ட வெச்சது உங்கப்பா இல்லடி. நான்."

ஆயுத பூசைக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட அம்மா பின்னால் இருக்கும் உர ஸ்டோருக்குப் போயிருக்கிறார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அப்பா மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தாராம். கைக்கடிகாரம், அடையாள அட்டையான ஐசி, போன் மூன்றையும் கழற்றி ஓர் உர மூட்டைமேல் வரிசையாக வைத்திருந்தாராம். குளிக்கப் போகிறவர் மாதிரி. அழுதுகொண்டு.

"மத்தியானத்துல எந்தப் பன்னிடி வரும்?" என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் காது அடைத்துக்கொண்டது. அம்மாவின் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா உள்ளே போகவில்லையாம். நாலடி பின்னால் வந்து, "சோறு ஆறுது, வாங்க" என்று சத்தமாகக் கத்தினாராம். கொஞ்ச நேரத்தில் அப்பா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாராம். அன்று இரண்டாம் தடவை ரசம் கேட்டாராம்.

அதன் பிறகு தினமும், "அத வித்துருங்க" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அப்பா மாட்டேன் என்றார். சண்டை. நானும் கேட்ட சண்டைதான் அது. பன்றிக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"வெளிய சொன்னா ஊரு அவர எப்படிப் பாக்கும்? அதான் அவரு குளிக்கப் போனப்ப சாவிய எடுத்தேன். சாமி காலடில வெச்சா யாராவது பாத்து போலீஸக் கூப்பிடுவாங்க, அவங்க கொண்டு போயிருவாங்கன்னு நெனச்சேன். சேலையில சுத்தித் தூக்கிட்டுப் போனேன்டி. லைசென்ஸ் அவரு பேருல. நான் தொட்டேன்னு தெரிஞ்சா என்னை உள்ள போட்டுருவாங்க."

"அப்புறம் ஏம்மா எங்கள விட்டுட்டு வந்தீங்க?"

"அந்தக் கதவப் பாக்க முடியல. தூங்க முடியல. நான் போனாலாவது அவருக்கு உறைக்கும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "நீ வரலன்னு சொன்னப்ப அழுதேன். உள்ளுக்குள்ள, நல்லதுன்னும் தோணுச்சு. நீ வீட்டுல இருந்தா அவருக்கு மனசு வராது."

என்னைக் காவலுக்கா விட்டுவிட்டுப் போனார்? சோறு வடிக்க இருக்கிறேன் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

9 டிசம்பர், திங்கள்

ஒரே போர்வையை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். ராகினி அக்கா கேலி செய்யவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அப்பா வாசலில் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தார். இதைத்தான் இனி தினமும் பார்க்க வேண்டுமா?

10 டிசம்பர், செவ்வாய்

"அம்மா வராங்களா?" என்று அப்பா கேட்டார். வரவில்லை என்றேன். சரி என்றார். கண்ணைப் பார்க்க முடியவில்லை.

11 டிசம்பர், புதன்

துணி மடிக்கும்போது திடீரென்று உறைத்தது. துப்பாக்கியை அங்கே வைத்தது தான் இல்லை என்று அப்பாவுக்குத் தெரியுமே! போலீஸ் வந்து கேட்ட உடனே, ஒரு மூச்சு கூட விடாமல், "நான்தான் வெச்சேன்" என்றாரே.

அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறார். அம்மா அவரைக் காப்பாற்றத்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனார். அப்படியென்றால் ஏன் இரண்டு பேரும் இரண்டு ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை பாலாயில் விசாரணை. நான் என்ன சொல்வேன்? அடிக்கவில்லை என்று சொன்னால் துப்பாக்கி வந்துவிடும். அது உண்மை வேறு.

13 டிசம்பர், வெள்ளி

அம்மா வரமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டதால் என்னை மட்டும் கேட்டார்கள். சின்ன அறை. குளிர். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. சார்ஜன் காண்டீபன் தமிழில் கேட்டார். அப்பா வெளியே பெஞ்சில்.

அப்பா அடிப்பாரா? இல்லை. மிரட்டுவாரா? இல்லை. குடித்துவிட்டுச் சத்தம் போடுவாரா? இல்லை. அப்பாவைப் பார்த்தால் பயமா? இல்லை. எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டினேன். அதிகாரி சிரித்துக்கொண்டே கோப்பை மூடினார்.

"அவ்ளோதான் பாப்பா. போலாம்."

எழுந்தேன். கதவுப் பிடியில் கை வைத்தேன். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார். திறந்தால் முடிந்தது. எல்லாம் சரி என்று ஆகிவிடும். துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிடும்.

"வேணாம் சார்."

யாரோ பேசியது போல இருந்தது. என் குரல்தான்.

"என்னம்மா வேணாம்?"

"துப்பாக்கி. கொடுக்காதீங்க. அப்பா எங்கள ஒண்ணும் செய்ய மாட்டாரு. அவர... அவரே..."

அதற்கு மேல் அந்தச் சொல் வரவில்லை. அதனால் கடிகாரத்தைச் சொன்னேன். ஐசியைச் சொன்னேன். போன். உர மூட்டை. வரிசையாக வைத்திருந்ததை. அம்மா பார்த்தார் என்று சொன்னேன். அம்மா தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

சார்ஜன் உடனே மலாயில் சொல்லவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அந்த அதிகாரி எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். நான் பெஞ்சில். கத்துவார் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. சார்ஜன் அவர் முதுகில் கை வைத்திருந்தார்.

மோட்டாரில் திரும்பினோம். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ளாமல் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

14 டிசம்பர், சனி

காலையில் இரண்டு பேருக்கும் தேநீர் கலக்கி அப்பாவே கொண்டு வந்து வைத்தார். சீனி அதிகம்.

"நளினியா சொன்னா உங்கிட்ட?" அம்மாவைப் பெயர் சொல்லிக் கேட்டார்.

"ம்."

"அவ பாத்தாளா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அம்மா பார்த்தது நேற்றுவரை அவருக்குத் தெரியவே தெரியாது! நேற்று அந்த அறையில்தான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறார்.

"சோறு ஆறுதுன்னு கத்தினாளே" என்றார். "அதுக்கு முன்னாடியே பாத்துட்டாளா?"

"ஆமாப்பா."

தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"என்னை மாட்டிவிடத்தான் அதக் கொண்டு போய் அங்க வெச்சுட்டுப் போனான்னு நெனச்சேன். லைசென்ஸ் போகட்டும், அசிங்கப்படட்டும்னு."

"அப்படி நெனச்சுக்கிட்டா நீங்க வெச்சதா சொன்னீங்க?"

"பின்னே? அவள உள்ள வெச்சிருவாங்கல்ல."

மழை வருகிறது, துணியை எடு என்பது போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் குவளையைக் கழுவுகிறேன் என்று எழுந்து பின்னால் போய்விட்டேன். குழாயைத் திறந்து விட்டு நின்றேன்.

கழுவி வந்தபோது அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தார். "நளினி" என்றது மட்டும் கேட்டது. வெகுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

16 டிசம்பர், திங்கள்

சார்ஜன் சாதாரணச் சட்டையில் வந்தார். அரசாங்க கிளினிக்கில் ஒரு டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறாராம்.

"எனக்குப் பைத்தியமா சார்?" என்றார் அப்பா.

"பைத்தியம்னா நான் ஏன்லா உங்க வீட்டுல உக்காந்து பிஸ்கட் தின்றேன்? முதுகு வலிக்குப் போகலையா? அந்த மாதிரிதான். வெள்ளிக்கிழமை நானே வந்து ஏத்திக்கிறேன். நம்பர் எடுக்கணும், லேட் பண்ணாதீங்க."

20 டிசம்பர், வெள்ளி

கிளினிக். அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து நம்பர் எடுத்து உட்கார்ந்திருந்தார். அப்பா ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார். பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

31 டிசம்பர், செவ்வாய்

இன்றோடு லைசென்ஸ் முடிந்தது. துப்பாக்கி வேண்டாம் என்று அப்பா பாலாயில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அலமாரிச் சாவியையும் கொடுக்கப் போயிருக்கிறார், அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

இன்னும் நான் தூங்கும் முன் அவர் இருமுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

அம்மா இப்போது ஞாயிறு தோறும் வருகிறார். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுகிறார். தங்கு என்று அப்பா கேட்கவில்லை, தங்குகிறேன் என்று அம்மாவும் சொல்லவில்லை.

காலையில் ஒரு லோரி வந்து வாசலில் நின்றது. பின்னால் முழுக்க டுரியான் கன்றுகள். யார் சொல்லி வந்தது என்று நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து, ஒவ்வொரு பையாகத் தூக்கி வேரைப் பார்த்தார். ஒன்றில் இலை பழுத்திருக்கிறது என்று லோரிக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

"அண்ணே, முன்னாடியே சொல்லிடுறேன்" என்றார் லோரிக்காரர். "இது காய்க்க அஞ்சாறு வருசம் ஆகும்லா. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றார்.

"ஆகட்டும்" என்றார் அப்பா. "இறக்கு."