சான்றிதழில் ஒரு வரி

ஹார்லன் ஃபோர்க்,
அக்டோபர் 12, 1997, ஞாயிறு.

அன்புள்ள ஆர்டிஸ்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டூசான் வெயில் உன் முழங்காலுக்கு நல்லது செய்கிறதாம். போன ஞாயிறு தேவாலயத்தில் உன் தங்கை சொன்னாள். முகவரியையும் அவளிடம்தான் வாங்கினேன். தருவதற்கு முன் கொஞ்சம் யோசித்தாள்.

பத்தொன்பது வருஷம் அடுத்தடுத்த வகுப்பறையில் இருந்தோம். நீ ஊரை விட்டுப் போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதினால், ஏதோ காரியம் இருக்கிறது என்றுதான் நினைப்பாய். இருக்கிறது.

உன் வகுப்பறையில் நான் நிற்பது உனக்குத் தெரியும். காலையில் மூன்று வகுப்பு ஆங்கிலம், மதியம் இரண்டு வகுப்பு வேதியியல். என் ஆசிரியர் சான்றிதழில் ஆங்கிலம் என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதன் கீழே வேதியியலையும் சேர்த்துக்கொள்ள மூன்று வருஷ அவகாசத்தோடு தற்காலிக அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் கல்லூரியில் எட்டுப் பாடம் முடிக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் நாற்பது மணி நேரம் ஆய்வகத்தில் வேலை செய்ய வேண்டும். மாநிலத் தேர்விலும் தேற வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில், செவ்வாய்தோறும் பள்ளி விட்டதும் நூற்றுப் பத்து மைல் காரோட்டிப் போய், என்னிடம் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கிறேன். கல்வித் துறைக்குத் தொலைபேசி செய்தால் அங்கே ஒரு பெண், "மேடம், நாங்க கேட்டது நாலாம் நம்பர் படிவம். நீங்க மறுபடியும் மூணையே அனுப்பியிருக்கீங்க" என்கிறாள். மூன்றாம் முறையாகச் சொல்கிறாள்.

வீட்டில் டுவேன் தன்னால் ஆனதைச் செய்கிறார். அறுவடை இயந்திரத்தில் போகும்போதுகூடத் தனிம அட்டவணையை முன்னால் ஒட்டிவைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டார். "பொட்டாசியத்துக்கு எதுக்குடி 'கே'? எழுத்துக்கூட்டத் தெரியாதவன் எவனோ வச்சிருக்கான்" என்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் அட்டவணை மனசில் நிற்க மாட்டேன் என்கிறது.

தேர்வில் நூற்றைம்பது வாங்கினால் தேர்ச்சி. முதல் தடவை நூற்று முப்பத்தெட்டு, இரண்டாம் தடவை நூற்று நாற்பத்து மூன்று. ஜனவரியில் மூன்றாவது தடவை எழுதுகிறேன். உன் பழைய குறிப்பு நோட்டுகள் இன்னும் உன்னிடம் இருந்தால் அனுப்புவாயா? படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன். மறுத்தாலும் புரிந்துகொள்வேன்.

உன் நலம் கோரும்,
வெர்லா


ஹார்லன் ஃபோர்க்,
பிப்ரவரி 22, 1998, ஞாயிறு.

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் பொட்டலம் நவம்பரிலேயே வந்தது. மூன்று நோட்டுகள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா என்று பக்கம் பக்கமாக உதறிப் பார்த்தேன். இல்லை. ஆனாலும் அனுப்பினாய். நன்றியைத் தேர்வு முடிந்ததும் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். ஜனவரியில் நூற்றைம்பத்தொன்று வாங்கித் தேறினேன். அப்போதாவது எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுவது வேறு செய்தி.

வகுப்பில் கெண்ட்ரா என்று ஒரு பெண் இருக்கிறாள், பதினாறு வயது. முதியோர் இல்லத்தில் சமையல் செய்கிற ஜோலீனின் மகள். நீ போகும்போது எட்டாவதில் இருந்திருப்பாள். கூர்மையான பெண், வாயும் கொஞ்சம் அதிகம். நான் ஆய்வு எதுவும் செய்து காட்டாமல் புத்தகத்தையே வாசித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள், "மிஸஸ் ஸ்டாங், இது கெமிஸ்ட்ரி வகுப்பா, இங்கிலீஷ் வகுப்பா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உறுத்தியது.

பிப்ரவரி பத்தாம் தேதி, நீ வருஷாவருஷம் செய்வாயே, வெவ்வேறு உப்பு வெவ்வேறு நிறத்தில் எரிவது, அதைச் செய்து காட்டினேன். ஐந்து கிண்ணத்தில் உப்பைப் போட்டு மெத்தனால் ஊற்றிப் பற்றவைத்தேன். பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் அழகாக வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு கிண்ணம் மட்டும் அணைந்தது போலத் தெரிந்தது. கெண்ட்ராவைக் கூப்பிட்டேன். "கிட்ட வா, செம்பு எப்படி எரியுதுன்னு நல்லாப் பாரு" என்றேன். அந்தக் கிண்ணத்தில் மறுபடியும் மெத்தனாலைப் புட்டியிலிருந்தே ஊற்றினேன். அது அணைந்திருக்கவில்லை. மதிய வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. புட்டியின் வாயிலிருந்து நெருப்பு நீளமாகப் பாய்ந்து அவள் கழுத்திலும் வலது கையிலும் பிடித்துக்கொண்டது. என் கோட்டைப் போட்டு அமுக்கினேன். ஊர் ஆம்புலன்ஸில் கோல்டர் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஹெலிகாப்டரில் நகரத்துக்கும் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு நாளாகத் தீக்காயப் பிரிவில் இருக்கிறாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்திருக்கிறார்கள்.

இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் இரண்டாவது நோட்டில் இந்த ஆய்வு இருக்கிறது. "புட்டியை மேசைக்கே கொண்டுவராதே. குச்சிகளை அந்தந்த உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சுடரில் காட்டினால் போதும்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறாய். விபத்துக்கு மறுநாள்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். தேர்வுக்கு அது வராது என்று தாண்டிப் போயிருந்தேன்.

பள்ளிக் கண்காணிப்பாளர் க்ரூபர் விபத்து அறிக்கைப் படிவத்தோடு வீட்டுக்கே வந்தார். காபி குடித்துக்கொண்டே, "பொண்ணு சொல்லாமக் கொள்ளாம முன்னாடி வந்துட்டான்னு எழுதுங்க வெர்லா. அவ முன்னாடி வந்தது பொய் இல்லையே" என்றார். நான்தான் கூப்பிட்டேன் என்றேன். "யார் கூப்பிட்டாங்கன்னு படிவத்துல கேள்வியே இல்லையே" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாற்பது மணி நேர ஆய்வகப் பயிற்சியில் நான் முடித்தது ஆறு மணி நேரம். பனியில் பாதை மூடிவிட்டது. "மிச்சத்த வசந்தத்துல முடிச்சுக்கலாம், இப்ப நாற்பதுன்னே போட்டுடுவோம். எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான்" என்று ஜனவரியில் க்ரூபர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நானும் போட்டேன். மீதி முப்பத்து நான்கு மணி நேரத்தில் யாராவது ஒருவர், புட்டியைத் தூரமாக வை என்று என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்களா?

அறிக்கையை இன்னும் எழுதவில்லை. உன்னிடம் யோசனை கேட்கவும் இதை எழுதவில்லை. இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

வெர்லா


ஹார்லன் ஃபோர்க்,
மே 17, 1998, ஞாயிறு.

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் அஞ்சலட்டை கிடைத்தது. "அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது?" என்று ஒரே வரி எழுதியிருந்தாய். முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

மார்ச் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் தழும்பு நிற்கும். வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அசைகின்றன. மற்ற மூன்றும் பாதிதான் மடங்குகின்றன. இறுக்கமான கையுறை ஒன்றை ஒரு வருஷம் போட்டிருக்க வேண்டுமாம். பென்சிலை எப்படியோ பிடித்து எழுதிவிடுகிறாள். ஆனால் தலையைப் பின்னிக்கொள்ள முடியவில்லை, அம்மா பின்னிவிடுகிறாள்.

ஏப்ரலில் பள்ளி வாரியக் கூட்டம் நடந்தது. கூட்டம் அதிகம் என்று உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்தார்கள். நான் எழுதித் தராததால் க்ரூபர் தானே எழுதிய அறிக்கையை வாசித்துவிட்டு, பெண் தானாக முன்னால் வந்தாள், ஆசிரியை எல்லாத் தகுதியும் பெற்றவர் என்று சொன்னார். நான் எழுந்து, இல்லை என்றேன். நாற்பது மணி நேரம் இல்லை, ஆறுதான் என்றேன். அவள் தானாக வரவில்லை, நான் கூப்பிட்டேன் என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான்.

வெளியே வண்டிக்குப் பக்கத்தில் ஜோலீன் நின்றிருந்தாள். "நிஜத்தைச் சொன்னீங்க, சரி. ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை வந்தீங்க, அதுவும் சரி. இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க மிஸஸ் ஸ்டாங். அவ உங்களப் பாத்தா ராத்திரி தூங்க மாட்டேங்கறா" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

க்ரூபர் வேறு ஊருக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். வேதியியலுக்கான என் அனுமதியை ரத்துசெய்துவிட்டார்கள். ஆங்கிலச் சான்றிதழையும் ஒரு வருஷம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். வருகிற இலையுதிர் காலத்திலிருந்து வேதியியல் படிக்கிற பிள்ளைகள் நாற்பத்தெட்டு மைல் பேருந்தில் கோல்டருக்குப் போக வேண்டும். இன்று வேதியியல், நாளை முழுப் பள்ளியும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தானியக் கிடங்கில் டுவேன் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம். அவர் அதைச் சொல்லவில்லை, மைத்துனன் சொன்னான்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது டுவேன் பின்னால் வந்து நின்றார். "தொண்ணூத்தாறுல போட்ட அந்தக் கையெழுத்தப் பத்தியும் எழுதப் போறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எழுதினா அவ அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டா." இப்போது மட்டும் பேசுகிறாளா என்றேன். அவர் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

ஆர்டிஸ், உன் வேலையை நீக்கிய அந்தக் கூட்டம் தொண்ணூற்றாறு ஏப்ரலில் நடந்தது. வேதியியலுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, முழு நேர ஆசிரியர் தேவையில்லை என்று வாரியத்தில் சொன்னார்கள். கால்பந்துப் பயிற்சியாளரின் சம்பளத்துக்காகத்தான் உன்னை நீக்கினார்கள் என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பாய். நானும் உன்னை அப்படியே நினைக்க விட்டேன்.

அந்த வேறு ஏற்பாடு நான்தான். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால், மார்ச்சில், க்ரூபர் என்னைக் கூப்பிட்டார். ஒரு வேலை போயாக வேண்டும், ஆங்கிலமா வேதியியலா என்பதுதான் கேள்வி என்றார். "நீங்க இன்னொரு பாடம் சேர்த்துக்கறதா எழுதிக் கொடுத்தா ஒங்க வேலை நிக்கும். ஆர்டிஸ் ஆங்கிலம் சேர்த்துக்க மாட்டாங்க, அவங்க குணம் எனக்குத் தெரியும்" என்றார். உன்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வயல் அந்த வருஷம் ஆலங்கட்டி மழையில் போயிருந்தது. அது காரணம்தான், ஆனால் போதுமான காரணம் இல்லை. படிப்புத் திட்டப் படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டேன். பிறகு கூட்டத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் முடிவை வாசித்தபோது உன் தோளில் கை வைத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அப்போது நான் அவருக்கு முடியாது என்று சொல்லியிருந்தால், பிப்ரவரி பத்தாம் தேதி அந்த மேசைக்குப் பின்னால் நீ நின்றிருப்பாய். படுத்தால் இதுதான் மனசில் ஓடுகிறது. மன்னித்துவிடு என்று எழுத மூன்று முறை தொடங்கி அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை உன்னிடம் கேட்க எனக்கு உரிமையில்லை.

உன்னைத் திரும்ப வரச் சொல்லி எழுதும்படி வாரியத்தில் இருவர் வந்து கேட்டார்கள். உன் சான்றிதழ் அடுத்த வருஷம் வரை செல்லுமாம். அதை நான் எழுத மாட்டேன், வேண்டுமானால் நீங்களே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். இது அந்தக் கடிதம் இல்லை.

நான் கேட்பது வேறு. கெண்ட்ரா செவிலியர் படிப்புக்குப் போக நினைக்கிறாள். பள்ளி நூலகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தீக்காயப் பிரிவில் ஒரு செவிலி அவளுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்திருக்கிறாள். அதற்கு வேதியியல் முழு வருஷம் முடித்திருக்க வேண்டும். அவளுக்குப் பாதி வருஷம் போய்விட்டது. பேருந்தில் கோல்டருக்குப் போகமாட்டேன், எல்லோரும் கழுத்தையே பார்ப்பார்கள் என்கிறாளாம். தகுதியுள்ள ஒரு வேதியியல் ஆசிரியர் தபால் வழியாகப் பாடம் அனுப்பி, விடைத்தாள் திருத்தி, கடைசியில் கையெழுத்திட்டால் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கல்வித் துறையில் கேட்டுவிட்டேன். அதே பெண்தான் தொலைபேசியை எடுத்தாள். இந்தத் தடவை பொறுமையாகச் சொன்னாள். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஜோலீன் தன் பகுதியை நூலகர் மூலமாக நிரப்பித் தந்திருக்கிறாள். இதை அனுப்புவது நான் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆசிரியரின் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது.

அவள் எழுத்து இப்போது கொஞ்சம் கோணலாக இருக்கும். விடைகள் சரியாக இருக்கும், பார்.

உன் முழங்காலைக் கவனித்துக்கொள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு எழுது, ஆர்டிஸ்.

வெர்லா