எங்கள் வீட்டு சீரியல் டாக்டருக்கு

என் பிரியமுள்ள சேகர் அண்ணா,

நீ டாக்டராக நடித்த அந்தப் பழைய தெலுங்கு சீரியல் இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. உன் பேத்தி நித்யா நேற்று முழுக்க அதைத்தான் பார்த்தாள். "தாத்தய்யா சூப்பர் உன்னாரு" என்றாள்; தாத்தா சூப்பராக இருக்கிறாராம். நாம் தமிழில் பேசினாலும் அவளுக்குத் தெலுங்கில்தான் பதில் வரும்.

அப்போது நீ வாரம் முழுக்க அரசாங்க ஆய்வகத்தில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. லீவு நாளில் சீரியலில் டாக்டர் வாசுதேவ். தெலுங்கு வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்வாய். ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற உனக்கு அந்த வேடத்தை யார் அண்ணா கொடுத்தது?

நாம் குடியிருந்த ஹப்சிகுடாவில் எதிர்வீட்டு செல்வராஜ், ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர், ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. "ஆஸ்பத்திரி நக்கோ, வேணாம், வெறும் வாயுதான்" என்று ஒரே பிடிவாதம். அவர் மனைவி மேரி நம் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"டாக்டர் சார், நீங்க சொன்னா கேப்பாரு."

"அது டிவிம்மா. நான் டாக்டர் இல்ல."

"எனக்குத் தெரியும் சார். அவருக்குத் தெரிய வேணாம்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாய். சீரியலில் வரும் அதே கனத்த குரலில், "செல்வராஜ், எழுந்திருங்க. நானும் வர்றேன்" என்றாய். மனிதர் எழுந்துவிட்டார். ஆட்டோவில் அவர் தலையை உன் தோளில் சாய்த்துக்கொண்டாய். சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்று நிஜ டாக்டர் சொன்ன பிறகுதான் நீ பெஞ்சில் உட்கார்ந்தாய்.

ஆனால் உனக்கு நெஞ்சு அடைத்த அன்று என்ன செய்தாய்? அசதி என்றாய். என்னையும் அண்ணியையும் சிரிக்கவைத்தே அன்றைய பொழுதைக் கடத்தினாய். உன்னை அதட்டி எழுப்ப ஒரு வாசுதேவ் இல்லாமல் போய்விட்டாரே. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன்னை எடுக்கும்வரை செல்வராஜ் வாசலிலேயே நின்றார். "எங்க டாக்டர் போயிட்டாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மேரி அவரைத் திருத்தவில்லை. நாங்களும் திருத்தவில்லை.

கொஞ்ச நாளாக மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. வயசாகிறது, அவ்வளவுதான் என்று அண்ணியிடம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். இன்று போன் செய்து இதய டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். நாளைக் காலை அண்ணியோடு போகிறேன். எந்தச் சாக்கும் சொல்லமாட்டேன் அண்ணா. அட்மிட் ஆகச் சொன்னாலும் ஆகிவிடுவேன். அண்ணியை இன்னொரு முறை அப்படி அழவிட மாட்டேன். இது சத்தியம்.

உன் கடைக்குட்டித் தங்கை,
சுமதி